மீன் குறைந்ததா, குறைத்தார்களா?

ஜார்ஜ்டவுன் நகரின் சௌராஸ்டா சந்தைக்கு விடியற்காலையில் மீன் வாங்கச் செல்வோர் தவறாமல் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: 'கடலில் மீன் குறைந்துவிட்டது.' விற்பவரும் அதையே கூறுகிறார். வாங்குபவரும் அதையே திருப்பிக் கூறுகிறார். விலையேற்றத்துக்கு அவ்வொரு வாக்கியமே காரணமாகவும் சமாதானமாகவும் அமைந்துவிடுகிறது. வாவலும் காலாவும் விருந்து வீட்டு மீன்களாகிவிட்டன. ஒரு காலத்தில் தோட்டப்புறத்து ஏழை வீட்டுச் சட்டிக்கே உரியதாயிருந்த கானாங்கெளுத்தி, மலாய் மொழியில் கெம்போங் எனப்படுவது, அதுவும் இன்று எண்ணி வாங்கும் பொருளாகிவிட்டது.

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியருக்கு இவ்வாக்கியத்தைக் கேட்டவுடன் ஓர் ஐயம் எழுந்திருக்க வேண்டும். 'குறைந்தது' என்பது தன்வினை. மழை குறைந்தது, காய்ச்சல் குறைந்தது என்பவற்றைப் போல மீனும் தானே குறைந்தது என்று அது கூறுகிறது. அங்கே மீனே எழுவாய்; மீனே குற்றவாளி. 'குறைத்தான்' என்பதோ பிறவினை. குறைத்தவன் எவன் என்னும் வினாவுக்கு அங்கே விடை கூறியாக வேண்டும். பினாங்குக் கடலைப் பொறுத்தவரை தன்வினை பொய், பிறவினையே மெய். ஆயினும் செய்தித்தாள்களிலும் அமைச்சர் உரைகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் வழங்குவது தன்வினையே. இப்பிழையைச் சிவப்பு மையால் சுழிப்போர் இல்லை.

செய்தவர் இல்லாமல் இச்செயல் நிகழவில்லை. அதற்கு ஆண்டும் உண்டு, கருவியும் உண்டு, உரிமப் பத்திரமும் உண்டு.

1961 அளவில் ஜெர்மானிய உதவியோடு தாய்லாந்து வளைகுடாவில் இழுவை வலை புகுத்தப்பட்டது. அது முன்னேற்றம் எனப் போற்றப்பட்டது. தொடக்கத்தில் ஒரு மணி நேரம் வலையை இழுத்தால் ஏறத்தாழ 300 கிலோ மீன் கிடைத்தது. 1980களில் அதே ஒரு மணி நேரத்துக்கு 50 கிலோ அளவே கிடைத்தது. உலக மீன்வள நூல்கள் பலவற்றிலும் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் வீழ்ச்சி இது. 1960களின் நடுவில் அவ்வலை மலாக்கா நீரிணைக்கும் வந்து சேர்ந்தது. அண்டை வீட்டுக்காரன் குடித்து மயங்கியதைக் கண்ட பின்னரும் அதே கிண்ணத்தை வாங்கிப் பருகியது போன்ற செயல் இது.

இழுவை வலையை மலாய் மொழியில் புக்காட் துண்டா என்பர். பை போல நீண்ட வலை அது. அதன் வாயின் இருபுறமும் இரண்டு கனத்த பலகைகள் உண்டு. விசைப்படகு இழுக்கும்போது நீரின் எதிர்ப்பால் பலகைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, வலையின் வாயை அகலத் திறந்து வைக்கின்றன. அடிக்கயிற்றில் கோத்த சங்கிலி கடலடிச் சேற்றை உழுதுகொண்டே செல்கிறது. சேற்றில் பதுங்கிய இறால், நண்டு, சிப்பி, பெருமீன், குஞ்சு ஆகிய யாவும் பையின் வால் நுனியில் போய்ச் சேர்கின்றன. அந்நுனியிலுள்ள வலைக்கண் 38 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது மலேசிய விதி. குஞ்சுகள் தப்பிச் செல்வதற்காகவே அவ்விதி இயற்றப்பட்டது. ஆனால் வலை பாரமேறி இழுபடுங்கால் சாய்சதுரமான கண் நீண்டு ஒடுங்கி, கண் இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. விதியை மீறாத வலையே இவ்வாறெனின், நுண்கண் வலையைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை.

இவ்வாறு அள்ளப்படுவனவற்றுள் விற்பனைக்கு ஆகாத சிறு மீன்களும் குஞ்சுகளும் 'ஈக்கான் பாஜா', அதாவது உரமீன், என்னும் பெயரில் ஒதுக்கப்படுகின்றன. அவை கோழித் தீவனமாகின்றன. கூண்டுகளில் வளரும் மீன்களுக்கும் இரையாகின்றன. உரமீன் குவியலை ஒரு முறை கிளறிப் பார்த்தவர், அடுத்த ஆண்டில் சந்தைக்கு வந்திருக்க வேண்டிய மீன் அங்கே விரல் நீளத்தில் கிடப்பதைக் கண்டிருப்பார். அதற்குப் பெயர் உரம்!

இழுவைப் படகு கரையை நெருங்குவதற்குக் காரணம் இறால். நல்ல விலை தரும் இறால் வகைகள் ஆழ்கடலில் இல்லை. அலையாத்திக் காடுகளின் வேரடியில் வளர்ந்து, கரையோரச் சேற்றுக் கடலில் முதிர்வன அவை. மீன் குஞ்சுகள் வளர்வதும் அதே நீரில்தான். கரையோர மீனவன் சிறு படகும் செவுள்வலையும் கொண்டு தொழில் செய்வதும் அதே நீரில்தான். ஆகவே இழுவைப் படகு இறாலைத் தேடி வரும் ஒவ்வொரு முறையும் குஞ்சை அள்ளுகிறது. மீனவன் விரித்த வலையை அறுக்கிறது. அவன் மறுநாள் பிடிக்க வேண்டிய மீனின் இருப்பிடத்தையும் உழுகிறது. ஒரே செயலில் மூன்று கேடுகள்.

1964க்கும் 1976க்கும் இடையே மேற்குக் கரைக் கடலில் இது காரணமாக நூற்றுக்கு மேற்பட்ட மோதல்கள் நிகழ்ந்தன. படகுகள் எரிக்கப்பட்டன, மூழ்கடிக்கப்பட்டன. முப்பதுக்கும் மேற்பட்ட மீனவர்கள் உயிரிழந்தனர். மலேசியப் பள்ளி மாணவர் படிக்கும் வரலாற்றில் இம்மரணங்களுக்கு இடம் இல்லை. 1981ஆம் ஆண்டின் உரிமக் கொள்கை கடலைக் கோடு கிழித்துப் பிரித்தது. கரையிலிருந்து ஐந்து கடல் மைல் வரை மரபுவழி மீனவர்க்கு உரியது. ஐந்து முதல் பன்னிரண்டு வரை 40 டன்னுக்குட்பட்ட இழுவைப் படகுகளுக்கு. பன்னிரண்டு முதல் முப்பது வரை அதனினும் பெரியவற்றுக்கு. முப்பதுக்கு அப்பால் 70 டன்னும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு. பின்னர் 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் வந்தது. கோடுகள் சிலவிடங்களில் பிற்காலத்தில் மாற்றப்பட்டன. ஆயினும் கரையோர நீர் சிறு மீனவனுக்கு உரியது என்னும் கொள்கை மாறவில்லை.

ஐந்து கடல் மைல் என்பது ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. அக்கணக்கின்படி, பினாங்குத் தீவுக்கும் செபராங் பிறைக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பு முழுமையும் இழுவைப் படகுக்கு விலக்கப்பட்ட கடல். தாளில் இவ்வளவு திருத்தமாக வரையப்பட்ட கோடு நீரில் ஏன் அழிந்துபோகிறது? வலையை விரித்துவிட்டுக் காத்திருக்கும் சிறு மீனவன் இரவில் இழுவைப் படகின் விளக்கைக் காண்கிறான். பொழுது விடிந்து பார்த்தால் வலையைக் காணவில்லை. முறையிட்டால், படகின் எண்ணைக் கூறு என்கின்றனர். எண் பலகையை மறைத்துவிட்டு வந்த படகின் எண்ணை இருளில் எவ்வாறு படிப்பது? வலையின் விலை பல நூறு வெள்ளி. சில வேளை ஆயிரத்தைத் தாண்டும். அவ்விழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

இச்சட்டமும் கோடும் கையிலிருந்தும் நிகழ்ந்தது என்ன? 1971க்கும் 2007க்கும் இடையே மலேசியக் கடலடி மீன்வளத்தில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது என மீன்வளத் துறையின் ஆய்வுகளே கண்டன. பத்தில் ஒன்பது! ஒரு நூலகத்தின் நூல்களில் பத்தில் ஒன்பதை ஒருவர் எரித்துவிட்டால், 'நூல்கள் குறைந்துவிட்டன' என்று எந்த ஆசிரியராவது எழுதுவாரா?

இவ்விடத்தில் எதிர்வாதம் புரிவோர் சில காரணங்களைக் கூறுவர். மக்கள் பெருகினர், உண்போர் பெருகினர் என்பது முதற்காரணம். மலேசியர் உலகில் மிகுதியாக மீன் உண்போருள் சேர்ந்தவர் என்பதும், ஆண்டொன்றுக்குத் தலைக்கு ஏறத்தாழ 50 கிலோ உண்கின்றனர் என்பதும் மெய்யே. அஃது உண்மையெனின், கிடைக்கும் மீனைக் குஞ்சிலேயே அள்ளிக் கோழிக்குப் போடுவது மேலும் பெருங்குற்றமாகுமேயன்றிக் குற்றம் நீங்காது. சிறு மீனவரும் தவறு செய்கின்றனரே என்பது இரண்டாவது. செய்கின்றனர், மறைக்க வேண்டியதில்லை. 'புபு நாகா' என்னும் நீண்ட பொறிக்கூடு தடை செய்யப்பட்ட கருவி. அதை வைப்போருள் சிறு மீனவரும் உளர். பிடிக்கத்தான் வேண்டும், தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் தெருவில் திருடியவனைக் காட்டி வங்கியைக் கொள்ளையிட்டவனை விடுவிக்கும் நீதி எந்நாட்டிலும் இல்லை.

மூன்றாவது வாதம் வாய்விட்டுக் கூறப்படுவதில்லை; மனத்துக்குள் இருப்பது. மேற்குக் கரையில் இழுவைப் படகு முதலாளிகள் பெரும்பாலும் சீனர். கரையோர மீனவர் பெரும்பாலும் மலாய்க்காரர். ஆகவே இஃது அவ்விரு இனத்தார்க்கு இடையிலான வழக்கு. தமிழர்க்கு இதில் என்ன வேலை என்று ஒதுங்கிவிடுவோர் பலர். 1960களிலும் எழுபதுகளிலும் கடலில் நிகழ்ந்த மோதல்களையும் இனப்பூசல் என்றே பலர் படித்தனர். அப்படிப் படிப்பது முதலாளிக்கு வசதி. கருவியைப் பற்றிய கேள்வி மறைந்து, தோலைப் பற்றிய கேள்வி முன்னே வந்து நிற்கிறது.

இந்நோய்க்கு இனம் காரணமன்று என்பதற்குத் தமிழர் வேறெங்கும் சான்று தேட வேண்டுவதில்லை. பாக்கு நீரிணையைப் பார்த்தால் போதும். ஒரு கரையில் இராமேசுவரம். மறு கரையில் யாழ்ப்பாணமும் மன்னாரும். இரு கரையிலும் பேசப்படுவது ஒரே மொழி. 2009இல் போர் முடிந்தபின் வடக்கு இலங்கையின் தமிழ் மீனவர்கள் பல ஆண்டுகள் தடைபட்டிருந்த கடலுக்கு மீண்டனர். அங்கே அவர்களுடைய சிறு வலைகளை அறுத்துச் சென்றவை தமிழ்நாட்டின் இழுவைப் படகுகள். அறுத்தவரும் தமிழர், அறுபட்டவரும் தமிழர். இலங்கைக் கடற்படை தமிழக மீனவர்களைச் சுட்டதும் அடித்ததும் எந்நாளும் ஏற்கத்தகாத கொடுமை. ஆனால் அக்கொடுமையைக் கண்டிக்கும் மேடைகளில், யாழ்ப்பாணத்து மீனவனின் அறுந்த வலையைப் பற்றிப் பேசுவோர் அரியர். இலங்கை 2017இல் சட்டம் இயற்றி அடிமட்ட இழுவை முறையை முற்றாகத் தடை செய்தது. அதே ஆண்டில் இராமேசுவரம் பகுதி இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. அது எண்ணிய வேகத்தில் நடைபெறவில்லை. தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் கரையோர மூன்று கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. அக்கோடும் பினாங்கின் கோட்டைப் போலவே நீரில் கரைந்தது. பினாங்கில் சீனர், மலாய்க்காரர் என்று பெயரிடப்பட்ட வழக்கு, பாக்கு நீரிணையில் தமிழர், தமிழர் என்று நடக்கிறது. மாறாதது வலை ஒன்றே.

இழுவை வலையை நிறுத்தினால் மலிவான மீன் கிடைக்காது, நாடு பட்டினி கிடக்கும் என்றும் அச்சுறுத்துவர். இதே நீரிணையின் மறு கரையில் இந்தோனேசியா உள்ளது. அங்கும் சுமத்திராக் கரையில் சிறு மீனவர்க்கும் இழுவைப் படகுகளுக்கும் இடையே இரத்தம் சிந்தியது. 1980ஆம் ஆண்டில் அதிபர் ஆணை ஒன்றினால் சாவகத்திலும் சுமத்திராவிலும் பாலியிலும் இழுவை வலை தடை செய்யப்பட்டது. அன்றைய ஆட்சி மக்களாட்சியன்று. அதன் பிற செயல்களுக்கு இஃது ஒரு நற்சான்றும் அன்று. ஆயினும் நாடு பட்டினி கிடக்கவில்லை. கரையோர மீனவரின் பிடிப்பு உயர்ந்ததைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. பிற்காலத்தில் பெயரை மாற்றிக்கொண்டு அதே வலை மறுபடியும் நுழைந்ததும் அந்நாட்டு வரலாறே. தடை ஒரு நாள் வேலையன்று என்பதை அது காட்டுகிறது. ஹாங்காங் 2012ஆம் ஆண்டின் இறுதி நாளோடு தன் கடலில் இழுவை முறையை நிறுத்தியது. படகுக்காரர்களுக்கு இழப்பீடு கொடுத்தே நிறுத்தியது. வணிகத்தையே உயிராகக் கொண்ட நகருக்கு அது கூடிற்று.

தீவு நாடு ஒன்றைக் காண விரும்புவோர் மாலத்தீவைக் காண்க. தமிழ் வீட்டுச் சமையலறைக்கு மாசிக் கருவாடாக வந்து சேரும் சூரை மீன் அங்கே ஒவ்வொன்றாகத் தூண்டிலில் பிடிக்கப்படுகிறது. இழுவை வலைக்கு அங்கே இடமில்லை. சுறா பிடிப்பதையும் 2010இல் அந்நாடு நிறுத்தியது. மேல்நீரில் திரியும் சூரையும் சேற்றடியில் வாழும் இறாலும் ஒன்றல்ல. மாலத்தீவின் முறையை அப்படியே பினாங்குக்குப் பெயர்த்து வைத்தல் இயலாது. ஆனால் கடலைத் தவிர வேறு செல்வம் மிகுதியாக இல்லாத ஒரு சிறிய நாடு, எவ்வலை வேண்டும், எது வேண்டா என்று தானே முடிவு செய்தது. தொழிற்சாலைகளும் துறைமுகமும் பல்கலைக்கழகமும் நிறைந்த பினாங்குக்கு அது கைகூடாத செயலா?

அறிவுக்கும் குறைவில்லை. உலகின் பெயர்பெற்ற மீன்வள ஆய்வு நிலையங்களுள் ஒன்றான வோர்ல்டுபிஷ், மணிலாவிலிருந்து 2000ஆம் ஆண்டில் பினாங்குக்கு வந்து, பத்து மாவூங்கில் தலைமையகத்தை அமைத்துக்கொண்டது. அவ்வூரிலிருந்து சிறிது தொலைவிலேயே தெலுக் கும்பாரும் சுங்கை பத்துவும் உள்ளன. ஆய்வறிக்கைகளும் அறுந்த வலைகளும் ஒரே கரையில் இவ்வளவு அருகருகே கிடப்பது உலகில் வேறெங்கும் அரிது.

மீன் வளர்ப்பே தீர்வு என்பாருக்கு விடை சுருக்கமானது. கூண்டில் வளரும் ஒரு கிலோ கொடுவாய்க்குப் பல கிலோ உரமீன் இரையாகிறது. அவ்வுரமீன் எவ்வலையில் வந்தது என்பது முன்னரே கூறப்பட்டது.

சிறு மீனவர் வாளாவிருந்தனர் என்று கூறுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. 1970களில் பிறை தொழிற்பேட்டையின் கழிவு சுங்கை ஜூரு ஆற்றில் கலந்து, கோலா ஜூரு கிராமத்தாரின் மீனும் சிப்பியும் மடிந்தன. அம்மக்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் துணையோடு முறையிட்டனர். பின்னர்த் தாமே கூட்டுறவு அமைத்துச் சிப்பி வளர்த்தனர். அச்சங்கத்தை நெடுங்காலம் தலைமை தாங்கி நடத்திய எஸ். எம். முகமது இத்ரீஸ் ஒரு தமிழ் முஸ்லிம். 1977இல் தோன்றிய சகாபாட் ஆலாம் மலேசியா என்னும் சுற்றுச்சூழல் இயக்கத்துக்கும் அவரே தலைவர். 2019இல் அவர் மறைந்தார். 'தமிழர்க்கு இதில் என்ன வேலை' என்று கேட்போர் அவர் வாழ்க்கையைப் படித்துப் பார்க்கலாம். மலாய் மீனவரின் சேற்றில் இறங்கி நின்ற அவர், அவர்களுடைய இனத்தைக் கேட்டுக்கொண்டு இறங்கவில்லை.

பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கம் 1997 முதல் அலையாத்தி மரங்களை நட்டு வருகிறது. இதுவரை நட்டவை இலட்சத்தைத் தாண்டும். நட்டவர் அறிவியலார் அல்லர், இறால் பிடிப்போர். காடு வெட்டப்பட்ட இடத்தில் இறால் இல்லாமற்போனதைக் கண்டவர்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது மலேசியாவில் மாண்ட 68 பேரில் 52 பேர் பினாங்கில் மாண்டனர். அலையாத்திக் காட்டின் பெயருக்கு விளக்கம் அன்றுதான் பலருக்கும் தெரிந்தது. அதன் பின்னரே மரம் நடுவதற்கு அமைச்சர்களும் வந்தனர், நிழற்படக்காரர்களும் வந்தனர். மீனவர்கள் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே சேற்றில் இறங்கியிருந்தனர்.

இத்தகைய மக்களிடம் பினாங்கு அரசாங்கம் நடந்துகொண்ட முறை யாது? தீவின் தென்கரையில், பெர்மாத்தாங் தெப்பி லாவுட் முதல் கெர்த்தாக் சங்குல் வரையுள்ள மீனவக் கிராமங்களுக்கு எதிரே, கடலைத் தூர்த்து மூன்று செயற்கைத் தீவுகள் அமைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. மொத்தப் பரப்பு 4,500 ஏக்கர். 2019இல் அதன் சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது. மீனவர் மேல்முறையீடு செய்தனர். 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அவ்வொப்புதலை நீக்கியது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2023இல் புதிய மதிப்பீடு ஒப்புதல் பெற்றது. திட்டம் ஏறத்தாழ 2,300 ஏக்கர் கொண்ட ஒரே தீவாகச் சுருக்கப்பட்டு, சிலிக்கான் தீவு என்னும் பெயரோடு அவ்வாண்டு செப்டம்பரிலேயே மண் கொட்டும் பணி தொடங்கியது.

சுருக்கப்பட்டது வெற்றியே என்று சிலர் ஆறுதல் கொள்வர். மூன்று விரலை வெட்ட வந்தவன் ஒன்றோடு நிறுத்தினான் என்பதைப் போன்ற வெற்றி அது. பணி தேவை, வீடு தேவை, போக்குவரத்துக்குப் பணம் தேவை என்னும் அரசின் வாதத்தை முற்றும் தள்ளிவிடுதல் நேர்மையன்று. நெருக்கடி மிகுந்த தீவு இது, இளைஞர்க்கு வேலையும் வேண்டும். ஆயினும் அவ்வாதத்தினூடே நுழைக்கப்படும் ஒரு துணைவாதம் மன்னிக்கத்தக்கதன்று. 'மீன் எப்படியும் குறைந்துவிட்டது, மீனவரும் முதியவராகிவிட்டனர், அவர்தம் மக்கள் தொழிற்சாலைக்குச் செல்கின்றனர்' என்பது அது. முதலில் கரையோரக் கடலை இழுவைப் படகுக்குத் திறந்து விடுவது. கோட்டைக் காவாமல் விடுவது. மீன் அழிந்தபின், மீன் இல்லாத கடல் யாருக்கு வேண்டும் என்று கேட்டு மண்ணைக் கொட்டுவது. வயலுக்கு நீரை அடைத்துவிட்டுத் தரிசு நிலம் என்று பட்டா மாற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? 'குறைந்தது' என்னும் தன்வினை இலக்கணப் பிழை மட்டுமன்று. அச்சொல்லைச் சான்றாகக் காட்டிக் கடலையே கைமாற்றுகின்றனர்.

தமிழ் வகுப்பறைக்குக் கடல் புதிதன்று. நெய்தல் திணையை அறியாத தமிழ் மாணவர் இல்லை. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று ஒப்பிப்பர். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுவர். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு ஆடி மகிழ்ந்திருந்தது கூறப்பட்டுள்ளது. அது மீன்வளத்தைக் காப்பதற்காக இயற்றிய விதியன்று, வழிபாட்டுக்குரிய ஓய்வு. அதைத் திரித்து, பண்டைத் தமிழர் அன்றே கடற்காப்பு அறிந்திருந்தனர் என்று மார்தட்டுவது வேண்டாத வேலை. ஆனால் கடலுக்குச் செல்லாத நாள் ஒன்று அவர்களுக்கு இருந்தது. இரவும் பகலும் ஆண்டு முழுதும் சேற்றை உழும் எந்திரம் அவர்களிடம் இல்லை.

பினாங்கில் நெய்தலைப் படிக்கும் மாணவர் பலர், தாம் வாழும் தீவின் மீனவக் கிராமம் ஒன்றின் பெயரையேனும் அறியாமல் படித்து முடிக்கின்றனர். தெலுக் பாகாங், பந்தாய் ஆச்சே, புலாவ் பெத்தோங், சுங்கை பத்து என்னும் பெயர்கள் அவர்களுக்கு உணவகம் தேடிச் செல்லும் இடங்கள். திணையின் இடங்கள் அல்ல. உரிப்பொருள் இரங்கல் என்பதற்காக ஆசிரியரும் இரங்குவதோடு நின்றுவிடுதல் ஆகாது.

கேட்கத்தக்கவை மிகுதியில்லை; யாவும் முன்னரே சட்டத்தில் உள்ளவை, அல்லது சட்டத்துக்கு மிக நெருங்கியவை. கரையோர எல்லைக்குள் புகும் இழுவைப் படகின் உரிமத்தை அபராதத்தோடு விட்டுவிடாமல் நீக்குதல் வேண்டும். நூறு முறை புகுந்து ஒருமுறை அபராதம் கட்டுவது முதலாளிக்கு வணிகச் செலவே. இழுவைப் படகுகள் யாவற்றிலும் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தப்பட்டு, அதன் பதிவுகளை மீனவர் சங்கங்களும் காணக்கூடியதாக இருத்தல் வேண்டும். உதவித்தொகை பெற்ற டீசல், எரிப்பதற்கேற்ப வழங்கப்படுகிறது. எனவே மிகுதியாக எரிக்கும் பெரும்படகே மக்கள் பணத்தை மிகுதியாகப் பெறுகிறது. அதை மாற்றுதல் வேண்டும். உலக வணிக நிறுவனம் 2022இல் ஏற்றுக்கொண்ட மீன்பிடி உதவித்தொகை உடன்படிக்கை, சட்டத்தை மீறிப் பிடிப்பார்க்கும் அழிந்துவரும் மீனைப் பிடிப்பார்க்கும் உதவித்தொகையை விலக்குகிறது. ஆகவே இது மீனவரின் பொறாமைக் கூற்றன்று. உலக நாடுகள் ஒப்புக்கொண்ட நெறி. இழுவைத் தொழிலை விட்டு வெளியேறும் படகுக் கூலியாட்களுக்கு இழப்பீடும் மாற்று வேலையும் வேண்டும். அவர்கள் முதலாளிகள் அல்லர். இவற்றோடு, இழுவைப் படகு உரிமங்களின் உடைமையாளர் பட்டியல் பொதுமக்கள் காண வெளியிடப்படல் வேண்டும்.

ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்றும் உண்டு. மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் ஒரு கருத்தை எடுத்துரைத்தார். ஒவ்வொரு தலைமுறையும் தான் இளமையில் கண்ட கடலையே இயற்கையான கடல் என்று கொள்கிறது. அதற்கு முன்னிருந்த வளம் நினைவிலிருந்தும் மறைந்துவிடுகிறது என்றார் அவர். இன்று பதினைந்து வயதுள்ள மாணவருக்கு விலையேறிய கெம்போங்கும் கூண்டில் வளர்ந்த கொடுவாயுமே கடல். பாட்டன் கண்ட கடல் அவருக்குக் கதை. அக்கதையை எழுதி வைக்க அரசும் வேண்டாம், நிதியும் வேண்டாம். ஒரு வகுப்பின் முப்பது மாணவரும் தத்தம் பாட்டியிடம் சென்று, அவர் திருமணமாகி வந்த ஆண்டில் எம்மீன்களை வாங்கினார், என்ன விலைக்கு வாங்கினார், அவற்றுள் இப்போது சந்தையில் காணாதவை எவை என்று கேட்டு எழுதி வரட்டும். அடுத்த வாரம் சுங்கை பத்துவுக்கோ புலாவ் பெத்தோங்குக்கோ சென்று, அதே வினாவை மலாய் மீனவரிடம் மலாய் மொழியில் கேட்டு எழுதட்டும். இரண்டையும் ஒரே தாளில் வைத்து, மீன்வளத் துறையின் பினாங்கு அலுவலகத்துக்கு ஒரு படி அனுப்பலாம். அத்தாளில் மாணவர் 'குறைந்தது' என்று எழுதியிருந்தால், யார் குறைத்தது என்று கேட்டு மறுபடியும் எழுதச் சொல்லலாம்.